உதவிப் பக்கத்தின் வரிகள் ஏன் கோணுகின்றன? ஆர்க்பார்ஸில் தமிழ் ஆப்ஷன்களை ஒழுங்காக நிறுத்த ஒரு முழு வழிகாட்டி

சனிக்கிழமைகளில் சில தொண்டூழியர்களோடு சேர்ந்து பழைய விழா மலர்களை ஸ்கேன் செய்கிறேன். கோயில் கும்பாபிஷேக மலர், சங்கங்களின் பொன்விழா மலர், பள்ளிக்கூட ஆண்டு மலர் என்று சிங்கப்பூர் அங் மோ கியோவில் ஒருவர் வீட்டில் பெட்டி பெட்டியாகக் கிடக்கின்றன. பக்கங்களை வெட்டவும், பெயர் மாற்றவும், அளவு குறைக்கவும் பைத்தானில் ஒரு சின்னக் கருவி எழுதிக் கொடுத்தேன். அதற்கு ‘மலர்’ என்றே பெயர். பயன்படுத்துபவர்களில் பாதிப் பேர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள் என்பதால், ஆப்ஷன்களையும் (கட்டளையோடு சேர்த்துத் தட்டும் ‘--பக்கம்’ போன்ற தேர்வுகளை) தமிழிலேயே வைத்தேன். அங்கேதான் வினை தொடங்கியது.

முதல் நாளே டீச்சர் ஒருவர் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார். “தம்பி, என்ன இது? தொடக்கநிலை ஒன்று பிள்ளைகளை வரிசையில் நிற்கச் சொன்ன மாதிரி இருக்கிறதே!”

பார்த்தேன். அவர் சொன்னது சரிதான்.

```
  -உ, --உதவி            இந்த உதவியைக் காட்டும்
  --பக்கம் எண்          எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது
  --வெளியீடு கோப்பு     முடிவை எழுத வேண்டிய கோப்பு
  -த, --தெளிவுத்திறன் எண்
                        ஓர் அங்குலத்துக்கு எத்தனைப் புள்ளி
```

உங்கள் திரையில் இது இன்னொரு விதமாகக் கோணியிருக்கலாம். ஏன் அப்படி என்பதுதான் இந்த வழிகாட்டியின் பாதி விஷயம். மீதி, அதை எப்படிச் சரிசெய்வது என்பது. நான் பேசப்போவது பைத்தானோடு வரும் ஆர்க்பார்ஸைப் பற்றி. தட்டிய ஆப்ஷன்களைப் பிரித்தறிந்து, உதவிப் பக்கத்தையும் தானே உண்டாக்கும் நூலகம் அது. ஸ்டீவன் பெத்தார்ட் எழுதியது, பைத்தான் 2.7-இலும் 3.2-இலும் அடிப்படை நூலகத்துக்குள் வந்து சேர்ந்தது. க்ளிக் போன்ற வேறு நூலகங்களில் எண்கள் மாறும், சிக்கல் ஒன்றேதான்.

ஒரு முன்குறிப்பு. ஆர்க்பார்ஸின் உள்ளே இருக்கும் பெயர்களை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். நிரலில் எழுதும்போது ஆங்கில எழுத்தில், சொற்களுக்கு நடுவே அடிக்கோடு போட்டு எழுதிக்கொள்ளுங்கள். ‘ஃபார்மேட் ஆக்‌ஷன்’, ‘ஸ்ப்ளிட் லைன்ஸ்’ என்ற இரண்டுக்கு மட்டும் முன்னாலும் ஓர் அடிக்கோடு உண்டு.

முதலில் கோளாறைப் பிடியுங்கள்

கண்ணில் பட்டதும் திருத்த இறங்காதீர்கள். உதவிப் பக்கம் டெர்மினலின் (கட்டளைகளைத் தட்டும் சன்னலின்) அகலத்தைப் பொறுத்து மாறும். உங்கள் பெரிய திரையில் ஒழுங்காக இருப்பது டீச்சரின் 13 அங்குல மடிக்கணினியில் ஒழுங்காக இராது. ஆர்க்பார்ஸ் அகலத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்வது ‘காலம்ஸ்’ என்ற சூழல் மாறியிலிருந்து. அது இல்லையென்றால் டெர்மினலைக் கேட்கும். டெர்மினலும் இல்லை, வெளியீடு வேறொரு நிரலுக்குப் போகிறது என்றால் 80 என்று எடுத்துக்கொள்ளும். கிடைத்த எண்ணிலிருந்து 2 கழித்தால் வருவதுதான் அது பயன்படுத்தும் அகலம்.

இதனால்தான் நேராகப் பார்க்கும்போது ஒரு மாதிரியும், பக்கம் பக்கமாகக் காட்டும் ‘லெஸ்’ நிரல் வழியாகப் பார்க்கும்போது வேறு மாதிரியும் தெரிகிறது. பேய் எதுவும் இல்லை. ‘காலம்ஸ்’ மாறியை 40, 80, 120 என்று மூன்று முறை மாற்றி வைத்து, ஒவ்வொரு முறையும் உதவியை ஒரு கோப்பில் சேமியுங்கள். இந்த மூன்று கோப்புகள் கடைசி வரை தேவைப்படும்.

விண்டோஸில் கோப்புக்குத் திருப்பும்போது எழுத்துக் குறியாக்கப் பிழை வந்தால், ‘பைத்தான்யுடிஎஃப்8’ என்ற சூழல் மாறியை 1 ஆக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். அது வேறு வியாதி. இங்கே அதை இழுக்க வேண்டாம்.

ஆர்க்பார்ஸ் போடும் கணக்கு

உதவிப் பக்கத்தில் இடப்பக்கம் ஆப்ஷனின் பெயர், வலப்பக்கம் விளக்கம். விளக்கம் எத்தனையாவது கட்டத்தில் (டெர்மினலில் ஓர் எழுத்து நிற்கும் இடம்) தொடங்க வேண்டும் என்பதை ‘ஹெல்ப்ஃபார்மேட்டர்’ என்ற க்ளாஸ் தீர்மானிக்கிறது. மிக நீளமான ஆப்ஷனின் நீளத்தோடு அதன் முன்னால் உள்ள இடைவெளியைக் கூட்டி, இன்னும் 2 கூட்டும். ஆனால் ‘மேக்ஸ் ஹெல்ப் பொசிஷன்’ என்ற உச்சவரம்பைத் தாண்டாது. அதன் இயல்பான மதிப்பு 24.

ஆப்ஷன்கள் 2 கட்டம் தள்ளித் தொடங்குகின்றன. விளக்கத்துக்கு முன்னால் 2 கட்டம் காலியாக இருக்க வேண்டும். ஆக 24-இல் 4 போனால் மீதி 20. பெயர் 20-க்குள் அடங்கினால் விளக்கம் அதே வரியில் வரும். 21 ஆகிவிட்டால் பெயர் தனி வரி, விளக்கம் அடுத்த வரியில் 24 கட்டம் தள்ளி. ஆங்கிலத்தில் எழுதியவர்களுக்கும் “ஒரே ஒரு ஆப்ஷன் மட்டும் ஏன் கீழே இறங்குகிறது?” என்ற கேள்வி வருவது இதனால்தான். அது பிழை அல்ல, அந்த 20-தான்.

தமிழில் என்ன ஆகிறது? பைத்தான் ஒரு சொல்லின் நீளத்தை ‘லென்’ வைத்து அளக்கிறது. லென் எண்ணுவது யூனிகோடு குறிகளை. நாம் பார்க்கும் எழுத்துகளை அல்ல. ‘கோப்பு’ என்பது நமக்கு மூன்று எழுத்து: கோ, ப், பு. பைத்தானுக்கு ஆறு: க, ஓகாரக் குறி, ப, புள்ளி, ப, உகரக் குறி. மேலே உள்ள ‘தெளிவுத்திறன்’ வரியில் கண்ணுக்குத் தெரிவது, கோடுகளையும் காற்புள்ளியையும் சேர்த்து, 16 இடம். லென் சொல்வது 23. இருபதுக்குள் தாராளமாக அடங்கவேண்டியதை ஆர்க்பார்ஸ் 23 என்று நம்பிக் கீழே தள்ளிவிட்டது.

கோணலுக்கும் அதே காரணம். ‘--வெளியீடு கோப்பு’ லென்னுக்கு 17, ஆகவே 20 வரை நிரப்ப 3 இடைவெளி போடுகிறது. கண்ணுக்கு அது 10 இடம்தான். 7 கட்டம் குறைந்துபோகிறது. ‘--பக்கம் எண்’ லென்னுக்கு 12, கண்ணுக்கு 9. குறைவது 3 மட்டும். எழுத்துக்கு ஒரு கட்டம் கொடுக்கும் டெர்மினலில், மேலே உள்ள நான்கு விளக்கங்களும் முறையே 23, 21, 17, 24 கட்டங்கள் தள்ளித் தொடங்கும். நான்கு வரி, நான்கு தொடக்கம்.

‘எழுத்துக்கு ஒரு கட்டம் கொடுக்கும் டெர்மினலில்’ என்று நிபந்தனை போட்டேன், கவனித்தீர்களா? எல்லா டெர்மினலும் அப்படி இல்லை.

புள்ளிக்கு இடமில்லை, கொம்புக்கு உண்டு

யூனிகோடு, துணைக்குறிகளை இரண்டு வகையாகப் பிரிக்கிறது: இடம் அடைப்பவை, இடம் அடைக்காதவை. தமிழில் புள்ளி இடம் அடைக்காதது. சரி, அது மேலேதானே உட்காருகிறது. ஆகாரக் கால் இடம் அடைப்பது, அதுவும் சரி. உகர, ஊகாரக் குறிகளும், கொம்புகளும் இடம் அடைப்பவை. இகரக் குறி இடம் அடைப்பது. ஆனால் ஈகாரக் குறி மட்டும் இடம் அடைக்காதது! ‘கி’யில் உள்ள குறிக்கு இடம் உண்டு, ‘கீ’யில் உள்ளதற்கு இல்லை. முதலில் பார்த்தபோது என் நிரலில்தான் தப்பு என்று அரைமணி நேரம் தேடினேன். அட்டவணையே அப்படித்தான்.

சில டெர்மினல்கள் இந்த அட்டவணையை அப்படியே பின்பற்றி, இடம் அடைக்கும் குறிக்கு ஒரு முழுக் கட்டம் ஒதுக்குகின்றன. அங்கே அதே நான்கு வரிகளின் விளக்கங்கள் 24, 21, 22, 24 என்று தொடங்கும். வேறு சில, மெய்யையும் குறியையும் சேர்த்து ஒரே கட்டம் என்று வைத்துக்கொள்கின்றன. அதாவது ஒரே உதவிப் பக்கம், பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு மடிக்கணினிகளில் இரண்டு விதமாகக் கோணும். என் கணினியில் இடைவெளிகளைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்துவிட்டு, “முடிந்தது டீச்சர்” என்று செய்தி அனுப்பினேன். அவர் திரும்ப அனுப்பிய படத்தில் முன்பைவிட மோசம்.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒன்று புரிந்தது. தமிழ் எழுத்துக்குப் பின்னால் இடைவெளி போட்டு அடுத்ததை நிறுத்துவது என்பது யூகம். தமிழ் எழுத்துக்கு முன்னால் போடும் இடைவெளி மட்டும்தான் எந்தத் திரையிலும் மாறாதது. ஏனென்றால் வரியின் தொடக்கத்திலிருந்து எண்ணப்படும் வெற்று இடைவெளிக்கு எல்லா டெர்மினலும் ஒரே அகலம்தான் தரும். இனி வரும் படிகள் எல்லாம் இதை வைத்துத்தான்.

இடப்பக்கத்தை இளைக்கவையுங்கள்

எந்த வழியில் போனாலும் இதைச் செய்துவிடுங்கள். பாதிக் கோணலுக்கு மருந்து இதிலேயே உண்டு.

ஆப்ஷனுக்குப் பின்னால் வரும் ‘கோப்பு’, ‘எண்’ போன்றவை ‘மெட்டாவார்’. நீங்கள் கொடுக்காவிட்டால், ஆப்ஷனின் பெயரையே ஆர்க்பார்ஸ் மறுபடி அங்கே போடும். பெயர் நீளமாக இருந்தால் இரட்டை நீளம். பைத்தானின் பழைய பதிப்புகளில் குறுகிய பெயருக்கு ஒரு முறை, நீண்ட பெயருக்கு ஒரு முறை என்று மெட்டாவார் இரண்டு தடவை வரும். புதியவற்றில் ஒரு தடவைதான்.

இன்னும் மோசமானது ‘சாய்ஸஸ்’. ஏற்கத்தக்க மதிப்புகளைப் பட்டியலாகக் கொடுத்தால், அந்தப் பட்டியல் முழுவதும் நெளி அடைப்புக்குள் இடப்பக்கம் வந்து நிற்கும். எங்கள் கருவியில் பட வகைகள் ஆறு இருந்தன. அந்த ஓர் ஆப்ஷனே பாதி வரியைத் தின்றது. மெட்டாவாரை ‘வகை’ என்று சுருக்கி, ஆறு பெயர்களையும் விளக்கத்துக்குள் எழுதுங்கள். சரிபார்ப்பு முன்போலவே நடக்கும், திரையில் மட்டும் சுருங்கும்.

வரம்பை உயர்த்துவது: ஆங்கிலத்துக்கு மருந்து, தமிழுக்கு அரை மருந்து

வலையில் தேடினால் எல்லாரும் சொல்வது இதுதான். பார்ஸரை (ஆப்ஷன்களைப் படிக்கும் பொருளை) உருவாக்கும்போது ‘ஃபார்மேட்டர் க்ளாஸ்’ என்ற இடத்தில் ஒரு லாம்டா (பெயரில்லாத குட்டி ஃபங்ஷன்) கொடுக்க வேண்டும். அது ‘ப்ராக்’ என்ற ஒரு மதிப்பை வாங்கி, ‘மேக்ஸ் ஹெல்ப் பொசிஷன்’ 36 என்று வைத்த ஹெல்ப்ஃபார்மேட்டரைத் திருப்பித் தரும். ஆர்க்பார்ஸ் அந்த இடத்தில் க்ளாஸைத்தான் எதிர்பார்க்கிறது என்றாலும், கூப்பிட்டால் ஃபார்மேட்டர் தரும் எதுவும் அதற்குப் போதும்.

அப்போது இடப்பக்கம் 32 கட்டம் கிடைக்கும். நீண்ட ஆப்ஷன்கள் கீழே இறங்காது. அகலம் குறைந்த டெர்மினலில் இந்த வரம்பை ஆர்க்பார்ஸ் தானே குறைத்துக்கொள்ளும்: தான் பயன்படுத்தும் அகலத்திலிருந்து (டெர்மினலின் அகலத்தைவிட 2 குறைவு) 20 கழித்து, அதற்கு மேல் விடாது. 40 கட்ட டெர்மினலில் நீங்கள் 36 என்று சொன்னாலும் கிடைப்பது 18-தான். “எண்ணை மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை” என்பவர்கள் முதலில் சன்னலின் அகலத்தைப் பார்க்க வேண்டும்.

உங்கள் ஆப்ஷன்கள் ஆங்கிலத்திலோ மலாயிலோ இருந்தால் இத்தோடு கடையைக் கட்டலாம். ஓர் எழுத்துக்கு ஒரு குறி, ஒரு குறிக்கு ஒரு கட்டம். தமிழில் கீழே இறங்குவது நிற்கும், கோணல் நிற்காது.

வரம்பைத் தாழ்த்துவது: நான் கடைசியில் செய்தது

அதே லாம்டா, அதே இடம். எண்ணை மட்டும் 36-க்குப் பதிலாக 6 ஆக்குங்கள்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 6-இல் 4 போனால் இடப்பக்கத்துக்கு மீதி 2. எங்கள் ஆப்ஷன்களில் எது இரண்டு குறிக்குள் அடங்கப்போகிறது? எல்லாமே தனி வரிக்குப் போய்விடும். விளக்கங்கள் எல்லாம் அடுத்த வரியில், 6 கட்டம் தள்ளி, ஒரே கோட்டில்.

```
  -உ, --உதவி
      இந்த உதவியைக் காட்டும்
  --பக்கம் எண்
      எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது
  --வெளியீடு கோப்பு
      முடிவை எழுத வேண்டிய கோப்பு
  -த, --தெளிவுத்திறன் எண்
      ஓர் அங்குலத்துக்கு எத்தனைப் புள்ளி
```

இடைவெளிகள் எல்லாம் தமிழுக்கு முன்னால் வந்துவிட்டன. எந்த டெர்மினல், எந்த எழுத்துரு என்ற கேள்வியே இல்லை. விளக்கத்துக்கும் இடம் கூடுகிறது: 80 கட்டத் திரையில் முன்பு 54 கிடைத்தது, இப்போது 72. தமிழ் வாக்கியத்துக்கு அந்த 18 பெரிய விஷயம். பக்கம் நீளுகிறதே என்பீர்கள். நீளட்டும், திரையை உருட்டிப் பார்க்க டீச்சருக்குத் தெரியும்.

ஒரு பொறி உண்டு. ஆப்ஷன் அல்லாத, கோடு போடாத வாதம் (ஆர்கியுமென்ட்) ஒன்றுக்கு ‘பட’ மாதிரி இரண்டே குறியில் பெயர் வைத்திருந்தாலோ, நீண்ட பெயரும் மதிப்பும் இல்லாமல் ‘-உ’ என்று மட்டும் ஓர் ஆப்ஷன் வைத்திருந்தாலோ, அது மட்டும் 2-க்குள் அடங்கி, விளக்கத்தைத் தன் வரியிலேயே இழுத்துக்கொள்ளும். பெயரை நீட்டுங்கள், அல்லது வரம்பை 4 ஆக்குங்கள். 4 என்றால் மிச்சம் பூஜ்யம், யாரும் தப்ப முடியாது. ஆனால் ‘மலர் வெட்டு’ மாதிரி துணைக் கட்டளைகள் வைத்திருப்பவர்கள் 4 வைக்காதீர்கள். துணைக் கட்டளைகளின் பெயர்கள் 4 கட்டம் தள்ளித்தான் தொடங்கும். பெயரும் விளக்கமும் ஒரே கோட்டில் நின்று எது எது என்று தெரியாது. எங்கள் கருவிக்கு 6-தான் சரிப்பட்டது.

இல்லை, இரண்டு பத்திதான் வேண்டும் என்றால்

அவசரத்தில் இருப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். எனக்கு இது ஒரு நல்ல ஞாயிற்றுக்கிழமையைத் தின்ற பகுதி, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் தேவை, ஒரு சொல் திரையில் எத்தனை கட்டம் எடுக்கும் என்று சொல்லும் ஒரு ஃபங்ஷன். பைத்தானின் ‘யூனிகோடுடேட்டா’ நூலகம் போதும். சொல்லை முதலில் ‘என்எஃப்சி’ வடிவத்துக்கு (பிரித்து எழுதிய குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் யூனிகோடு வடிவம்) மாற்றுங்கள். ஓகாரத்தை ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசம் தெரியாது, லென்னுக்குத் தெரியும். இரண்டாக எழுதிய ‘கோப்பு’ ஏழு குறி. இது அகலத்துக்கு மட்டும் அல்ல, ஆப்ஷனை அடையாளம் காணவும் முக்கியம்: பயனர் ஒரு வடிவத்தில் தட்டி, நிரலில் இன்னொரு வடிவம் இருந்தால் “அப்படி ஓர் ஆப்ஷன் இல்லை” என்று ஆர்க்பார்ஸ் கைவிரித்துவிடும். ஆகவே உள்ளே வரும் வாதங்களையும் பார்ஸரிடம் கொடுக்கும் முன் என்எஃப்சி ஆக்கிவிடுங்கள்.

மாற்றிய பிறகு ஒவ்வொரு குறியாக எண்ணுங்கள். இடம் அடைக்காத குறிக்கு 0. கண்ணுக்குத் தெரியாத இணைப்பான்களுக்கும் 0. இடம் அடைக்கும் குறிக்கு 0 அல்லது 1, உங்கள் டெர்மினலைப் பொறுத்து. ‘ஈஸ்ட் ஏஷியன் விட்த்’ என்ற பண்பு அகலம் அல்லது முழு அகலம் என்று சொன்னால் 2. மற்றதற்கு 1. அந்த 2 எதற்கு என்று கேட்டால், நாம் இருப்பது சிங்கப்பூரில். நான்கு அதிகாரத்துவ மொழிகள். இன்றைக்குத் தமிழில் எழுதிய கருவியை நாளைக்கு மாடியில் இருக்கும் மாண்டரின் குழு கேட்கும். சீன எழுத்து ஒவ்வொன்றும் லென்னுக்கு 1, திரைக்கு 2. தமிழில் விளக்கம் இடப்பக்கம் சரியும், மாண்டரினில் வலப்பக்கம் சரியும். ஒரே ஃபங்ஷன் இரண்டையும் பிடிக்கும்.

‘0 அல்லது 1’ என்பதை யூகிக்காமல் டெர்மினலையே கேட்கலாம். ‘கா’ என்று அச்சிட்டுவிட்டு, எஸ்கேப் குறி, இடப்பக்கச் சதுர அடைப்பு, 6, சின்ன ‘என்’ என்ற தொடரை அனுப்புங்கள். கர்ஸர் எந்த வரிசையில், எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று டெர்மினல் பதில் அனுப்பும். முன்னும் பின்னும் கேட்டுக் கழித்தால் ‘கா’வின் அகலம் கையில். பதில் விசைப்பலகை உள்ளீட்டின் வழியாக வரும் என்பதால், எதிரொலிப்பை நிறுத்திவிட்டு வாசிக்க வேண்டும்.

அடுத்து, இந்த ஃபங்ஷனை ஆர்க்பார்ஸுக்குள் செலுத்த வேண்டும். நான் முதலில் செய்தது ஒரு குறுக்குவழி. ஸ்ட்ரிங் க்ளாஸிலிருந்து இன்னொரு க்ளாஸ் உண்டாக்கி, அதன் லென் மட்டும் திரை அகலத்தைச் சொல்லுமாறு செய்து, அதை ஆப்ஷன் பெயராகத் திருப்பி அனுப்பினேன். பாதி வேலை செய்தது! கீழே இறங்குவது நின்றது, கோணல் அப்படியே இருந்தது. காரணம்: அடங்குமா என்று பார்க்கும் இடத்தில் ஆர்க்பார்ஸ் லென்னைக் கேட்கிறது. இடைவெளி நிரப்பும் இடத்திலோ சதவிகிதக் குறி வடிவமைப்பைப் பயன்படுத்துகிறது. அது என் லென்னை மதிக்காமல் உண்மையான குறிகளை எண்ணிக்கொள்கிறது. கெட்டிக்காரத்தனம் அத்தோடு போச்சு.

நேர்வழி, ஹெல்ப்ஃபார்மேட்டரை நீட்டி மூன்று மெத்தடுகளை மாற்றி எழுதுவது. ‘ஆட் ஆர்கியுமென்ட்’ மிக நீளமான பெயரைக் கணக்கிடும் இடம். ‘ஃபார்மேட் ஆக்‌ஷன்’ இடைவெளி நிரப்பும் இடம். இங்கே சதவிகித வடிவமைப்பை எடுத்துவிட்டு, தேவையான அகலத்திலிருந்து உங்கள் ஃபங்ஷன் சொல்வதைக் கழித்து, அத்தனை இடைவெளியைக் கையாலேயே ஒட்டுங்கள். ‘ஸ்ப்ளிட் லைன்ஸ்’ விளக்கத்தை வரிகளாக மடிக்கும் இடம். ஆனால் எச்சரிக்கை: ஹெல்ப்ஃபார்மேட்டரின் பெயர் மட்டும்தான் வெளியாருக்கு, அதன் மெத்தடுகள் எல்லாம் உள்வீட்டு விவகாரம் என்று அதன் நிரலிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். அடுத்த பைத்தான் பதிப்பில் மாறினால் யாரையும் கேட்க முடியாது.

இத்தனையும் செய்த பிறகும் ‘க்ஷ’ வரும். கண்ணுக்கு ஓர் எழுத்து, யூனிகோடுக்கு மூன்று குறி. எழுத்துரு அதைச் சேர்த்துக் காட்டுமா, பிரித்துக் காட்டுமா என்பது அதன் இஷ்டம். ஆப்ஷன் பெயரில் அதை வைக்காதீர்கள் என்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

விளக்கத்தை மடிப்பது

விளக்கத்தில் நீங்கள் போடும் வரிமுறிவு, டேப், கூடுதல் இடைவெளி எல்லாவற்றையும் ஆர்க்பார்ஸ் ஒற்றை இடைவெளியாக நசுக்கிவிடும். முறிவுகளை மதிக்க வேண்டுமென்றால் ‘ராடெக்ஸ்ட்ஹெல்ப்ஃபார்மேட்டர்’. மேலே உள்ள பொது அறிமுகத்துக்கும் கீழே உள்ள பின்குறிப்புக்கும் மட்டும் என்றால் ‘ராடிஸ்கிரிப்ஷன்ஹெல்ப்ஃபார்மேட்டர்’. முதலாவது விளக்கத்தை மடிக்கவே மடிக்காது என்பதால், சிறிய திரையில் வரிகள் அலங்கோலமாக வழியும். நான் இரண்டாவதைத்தான் வைத்திருக்கிறேன். வரம்பை 6 ஆக்கும் லாம்டாவில் ஹெல்ப்ஃபார்மேட்டருக்குப் பதில் இதன் பெயரைப் போட்டால் போதும்.

மடிப்பிலும் தமிழுக்கு ஒரு வில்லங்கம். இடம் போதாத நீண்ட சொல்லைப் பைத்தான் எங்கே வேண்டுமானாலும் வெட்டும். ‘பதிப்பிக்கப்பட்டவற்றிலிருந்து’ என்று எழுதியிருந்தேன். சன்னலைச் சுருக்கியபோது சொல் மெய்க்கும் புள்ளிக்கும் நடுவே வெட்டுப்பட்டு, அடுத்த வரி ஒரு புள்ளியோடு தொடங்கியது. அதற்கு அடியில் ஆதரவற்ற ஒரு புள்ளி வட்டம் வேறு. இதைத் தடுக்க, ‘ஸ்ப்ளிட் லைன்ஸ்’ மெத்தடை மட்டும் மாற்றி, உள்ளே ‘டெக்ஸ்ட்ராப்’ நூலகத்தைக் கூப்பிடும்போது ‘பிரேக் லாங் வேர்ட்ஸ்’ என்பதைப் பொய் (ஃபால்ஸ்) ஆக்குங்கள். சொல் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். வெட்டுப்படுவதைவிட அது மேல்.

உதவிப் பக்கத்தில் நிறம் சேர்ப்பவர்களுக்கு ஒரு சொல்: மெட்டாவாருக்குள் நீங்களாகப் பச்சை நிறம் போட்டால், தொடக்கக் குறி 5, முடிவுக் குறி 4, ஆக 9 கண்ணுக்குத் தெரியாத குறிகள் நீளத்தில் சேரும். பைத்தான் 3.14 உதவிப் பக்கத்துக்குத் தானே நிறம் கொடுக்கிறது. அதனிடமே விட்டுவிடுங்கள்.

ஆங்கில மிச்சங்களும் துணைக் கட்டளைகளும்

உதவி ஆப்ஷனைத் தமிழில் வைக்க, பார்ஸரை உண்டாக்கும்போது ‘ஆட் ஹெல்ப்’ பொய் என்று சொல்லிவிட்டு, ‘--உதவி’யை நீங்களே சேர்த்து அதன் ஆக்‌ஷனை ‘ஹெல்ப்’ ஆக்குங்கள். ‘ஆப்ஷன்ஸ்’ என்ற தலைப்பை (பைத்தான் 3.10-க்கு முன் அது ‘ஆப்ஷனல் ஆர்கியுமென்ட்ஸ்’) ஒழிக்க எளிய வழி, உங்கள் சொந்தத் தலைப்போடு ஒரு வாதக் குழுவை உண்டாக்கி எல்லா ஆப்ஷன்களையும் அதில் போடுவது.

முதல் வரியில் வரும் ‘யூசேஜ்’ என்பதை ‘பயன்பாடு’ என்று மாற்றினால் இன்னொரு கோணல் வரும். அந்த வரி நீண்டு மடியும்போது, அடுத்த வரி எத்தனை கட்டம் தள்ள வேண்டும் என்பதும் லென் கணக்குதான். ‘பயன்பாடு: ’ லென்னுக்கு 10, எழுத்துக்கு ஒரு கட்டம் தரும் திரையில் 7, மூன்று கட்டம் தள்ளிப்போகும். கருவியின் பெயரும் தமிழில் இருந்தால் இன்னும் தள்ளும். நான் அந்த வரியைத் தானாக உண்டாக்கவே விடவில்லை. ‘யூசேஜ்’ மதிப்பில் ஒரே குட்டி வரியை நானே எழுதிவிட்டேன். மடியாத வரி கோணாது.

துணைக் கட்டளைகள் வைத்திருந்தால், முதன்மைப் பார்ஸருக்குக் கொடுத்த ஃபார்மேட்டர் அவற்றுக்குப் போகாது. முதல் உதவிப் பக்கம் அழகாக இருக்கும். ‘மலர் வெட்டு --உதவி’ என்று தட்டினால் பழைய கோணல். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கொடுப்பதைவிட, பார்ஸர் க்ளாஸை நீட்டி, ஃபார்மேட்டர் கொடுக்கப்படாவிட்டால் உங்களுடையதை எடுத்துக்கொள்ளுமாறு எழுதுங்கள். துணைப் பார்ஸர்கள், நீங்கள் வேறு சொல்லாத வரை, தாய்ப் பார்ஸரின் க்ளாஸிலேயே உருவாகும். ஓரிடத்தில் வைத்தால் எல்லா இடத்துக்கும் போய்ச் சேரும்.

சோதனை

தொடக்கத்தில் சேமித்த மூன்று கோப்புகளை இப்போது எடுங்கள். ‘ஃபார்மேட் ஹெல்ப்’ மெத்தட் உதவிப் பக்கத்தை அச்சிடாமல் ஸ்ட்ரிங்காகத் தரும். சோதனையில் ‘காலம்ஸ்’ மாறியை 40, 80, 120 என்று வைத்து, ஒவ்வொரு முறையும் அந்த ஸ்ட்ரிங்கை வரி வரியாகப் பிரியுங்கள். வாதக் குழுவுக்குள் வரும் எந்த வரியும் 2, 4 அல்லது 6 இடைவெளியில்தான் தொடங்க வேண்டும். எந்த வரியின் முதல் எழுத்தும் துணைக்குறியாக இருக்கக் கூடாது. இந்த இரண்டு நிபந்தனைகள் போதும். பக்கம் முழுவதையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் சோதனை எழுதினால், பைத்தான் பதிப்பு மாறும்போதெல்லாம் அது உடைந்து உங்கள் உயிரை வாங்கும்.

பிறகு உண்மையான சோதனை. புதிய பதிப்பை டீச்சருக்கு அனுப்பினேன். மாலையில் பதில் வந்தது: “வரிசை நேராகிவிட்டது, தம்பி. ‘எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது’ என்ற வரியில் கேள்விக்குறி வேண்டாமா?”